பழைய மாணவர் கதவைத் தட்டும்போது

ஆசிரியர் தினத்திற்கு முந்திய நாள் சிங்கப்பூர்ப் பள்ளிகளின் வாசலில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கொண்டாட்டம் முடிந்து மாணவர்கள் வெளியே வர, பழைய மாணவர்கள் உள்ளே போவார்கள். தொடக்கக் கல்லூரிச் சீருடை, பலதுறைத் தொழிற்கல்லூரி அடையாள அட்டை, சில வேளைகளில் தேசிய சேவைக்காக ஒட்ட வெட்டிய தலைமுடி. கையில் ஒரு பூ, ஒரு சாக்லெட் பெட்டி, ஒரு வாழ்த்தட்டை. நானும் என் உயர்நிலைப் பள்ளி நண்பர்களும் பல ஆண்டுகளாக அப்படிப் போகிறோம். ஒருவன் மட்டும் வருவதில்லை. "வேலை இருக்குடா, நீங்க போங்க" என்பான். அவனுக்குப் பள்ளி மீது அவ்வளவு பாசம் இல்லை போலும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். கேலியும் செய்திருக்கிறோம்.

சென்ற தீபாவளிக்கு முன்பு ஒரு மாலை, கேம்பல் லேன் சந்தையில் அவனுடைய அம்மாவுக்காக விளக்குகள் வாங்கிவிட்டு, தேக்கா நிலையத்தில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தோம். அந்த ஆண்டு பள்ளிக்குப் போன கதையை நான் வழக்கம்போல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்றுவிட்ட ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்லி, "அவர் போட்டோ இன்னும் அந்த வராந்தாவில இருக்குடா" என்றேன். அவன் குவளையைக் கீழே வைத்தான். பிறகு, உயர்நிலை இரண்டில் படித்தபோது அந்த ஆசிரியர் தன்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதை நான்கைந்து வாக்கியங்களில் சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் நானும் இங்கே எழுதப் போவதில்லை. எந்தப் பாடம், எந்த இணைப்பாட நடவடிக்கை என்று எழுதினால்கூட யார் என்று கண்டுபிடித்துவிடும் அளவுக்கு நம்முடைய ஊரும் சமூகமும் சிறியவை.

அப்போது நான் சொன்ன முதல் வார்த்தைகளை என்னால் மறக்க முடியவில்லை. "ஏன்டா அப்பவே சொல்லல?"

நண்பன் கேட்கவேண்டிய கேள்வியா அது? ஒரு பள்ளி அலுவலகம் கேட்கக்கூடிய கேள்வி. அவனும் அதைத்தான் சொன்னான். அந்த ஆண்டின் தொடக்கத்தில், பலமுறை எழுதி அழித்து, கடைசியில் ஓர் இரவு பள்ளியின் பொது மின்னஞ்சல் முகவரிக்கு அவன் கடிதம் அனுப்பியிருக்கிறான். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. சம்பந்தப்பட்டவர் இப்போது பள்ளியில் பணியாற்றவில்லை. கருத்துத் தெரிவித்தமைக்கு நன்றி. இரண்டே வரி.

கருத்து! சிற்றுண்டிச்சாலையில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது என்று சொன்னால் அது கருத்து. பதிமூன்று, பதினான்கு வயதில் தனக்கு நடந்ததைப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் சுமந்துவிட்டு ஒருவன் எழுதுவதற்குப் பெயர் கருத்து இல்லை. பதில் எழுதியவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்றில்லை. அலுவலகத்தில் அன்றைக்குப் பதில் போடவேண்டிய நாற்பது மின்னஞ்சல்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும். இப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

இன்று ஒரு மாணவர் தன் ஆசிரியரைப் பற்றிப் புகார் சொன்னால் நம் பள்ளிகளில் அதற்கு ஒரு பாதை இருக்கிறது. பள்ளி ஆலோசகர் இருக்கிறார், முதல்வர் இருக்கிறார், கல்வி அமைச்சு இருக்கிறது. விவகாரம் நீதிமன்றம் வரை போகும்போது, அந்த ஆசிரியர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டுவிட்டார் அல்லது இனி எந்தப் பள்ளியிலும் பணியாற்றவில்லை என்று அமைச்சு சொல்வதைச் செய்திகளில் படிக்கிறோம். அந்தப் பாதையில் குறைகள் இருக்கலாம். ஆனால் பாதை இருக்கிறது. பள்ளியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளான ஒருவர் வந்து கதவைத் தட்டினால் என்ன நடக்கவேண்டும் என்பது அவ்வளவு தெளிவாக இல்லை.

2021 மே மாதம் சென்னையில் நடந்ததை உங்களில் பலர் இன்ஸ்டகிராமில் பார்த்திருப்பீர்கள். கே.கே.நகரில் உள்ள பத்மா சேஷாத்ரி பால பவன் பள்ளியின் வணிகவியல் ஆசிரியர் ஒருவரைப் பற்றி மாணவிகள் சொன்னவற்றை ஒரு முன்னாள் மாணவி வெளியிட்டார். கொவிட் காலம். வகுப்புகள் இணையத்தில் நடந்துகொண்டிருந்தன. ஒருவர் பேசியதும் இன்னொருவர் பேசினார்; இப்போது படிப்பவர்கள், ஐந்து ஆண்டுக்கு முன் படித்தவர்கள், அதற்கும் முன் படித்தவர்கள் என்று வரிசை நீண்டது. மே 24ஆம் தேதி அந்த ஆசிரியர் கைது செய்யப்பட்டார். அவர் மீதான குற்றச்சாட்டைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நான் கவனித்தது பள்ளியின் பதிலை. இத்தகைய புகார் எதுவும் தங்கள் கவனத்துக்கு முன்பு வந்ததில்லை என்று பள்ளி நிர்வாகம் கூறியது. முன்பே சொன்னோம், யாரும் காதில் வாங்கவில்லை என்று முன்னாள் மாணவர்கள் சிலர் சொன்னார்கள். ஏறத்தாழ ஆயிரம் முன்னாள் மாணவர்கள் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று நிர்வாகத்துக்குப் போனது.

இந்த இரண்டு பேச்சும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஒரு மாணவி தன் வகுப்பாசிரியரிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். வகுப்பாசிரியர், "அவர் அப்படித்தான், நீ கொஞ்சம் தள்ளியே இரு" என்று அறிவுரை சொல்லி அனுப்புகிறார். எழுத்தில் எதுவும் பதியவில்லை. மேலே யாருக்கும் தெரியவில்லை. பத்து ஆண்டு கழித்துக் கோப்பைப் புரட்டினால் புகாரே இல்லை. மாணவி சொன்னதும் உண்மை, கோப்பு காலியாக இருப்பதும் உண்மை. அந்தக் காலிக் கோப்பைக் காட்டி, ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு பள்ளி சொல்வதைத்தான் ஏற்கமுடியாது.

அந்த ஒரு வாரத்தில் சென்னையின் வேறு பல பள்ளிகளின் முன்னாள் மாணவர்களும் பேசத் தொடங்கினார்கள். தமிழ்நாடு அரசு, ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு ஒன்று இருக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. நிர்வாகத்தினர், ஆசிரியர்களோடு பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரும் அதில் இருக்கவேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் கவனியுங்கள், அதுவும் இப்போது படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு. அந்தக் கதவைத் திறந்துவைத்தவர்களோ பழைய மாணவர்கள்.

இந்தியச் சட்டம் ஒரு விஷயத்தில் நம்மைவிடக் கறாராக இருக்கிறது. 2012ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் நடப்பிலிருக்கும் போக்சோ சட்டத்தின்படி, சிறார் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் தண்டனை உண்டு. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. இது ஏட்டளவில் நின்ற சட்டமும் இல்லை. 2021 நவம்பரில் கோயம்புத்தூரில் ஒரு மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து, அவர் முன்பு படித்த தனியார் பள்ளியின் ஆசிரியர் மட்டுமல்ல, புகார் தெரிந்தும் காவல்துறையிடம் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளி முதல்வரும் கைதானார். சிறுவயதில் நடந்த குற்றத்தைப் பெரியவரான பிறகும் புகார் செய்யலாம், அதற்குக் கால வரம்பு இல்லை என்று 2018இல் இந்திய அரசு தெளிவுபடுத்தியது.

சிங்கப்பூரிலும் குற்றவியல் வழக்குக்குக் கால வரம்பு இல்லை. இருபது ஆண்டு கழித்தும் காவல்துறையிடம் போகலாம். இதை என் நண்பர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. நானும் சென்ற ஆண்டு வரை அறிந்திருக்கவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424ஆம் பிரிவு, கடுமையான பல குற்றங்களைப் பற்றித் தெரிந்தவர் நியாயமான காரணம் இல்லாமல் காவல்துறையிடம் சொல்லாமல் இருக்கக்கூடாது என்கிறது. 2020 முதல் தண்டனைச் சட்டத்தில் இன்னொரு மாற்றம் வந்தது: 16 வயது தாண்டி 18 நிரம்பாத ஒருவரை, தன் மீது அவர் வைத்த நம்பிக்கையையோ தனக்கிருக்கும் செல்வாக்கையோ பயன்படுத்திப் பாலியல்ரீதியாகச் சுரண்டுவதும் தனிக் குற்றம். "அந்தப் பெண்ணும் சம்மதிச்சுதானே" என்று தேநீர்க் கடையில் பேசுபவர்கள் இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

நம் ஊரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2022 மே மாதம், கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றைச் சேர்ந்த ஒருவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2005க்கும் 2007க்கும் இடையில், ஒரு பள்ளியைச் சேர்ந்த பதின்ம வயதுப் பையன்கள் இருவரிடம் அவர் குற்றம் புரிந்திருந்தார். சம்பவத்துக்கும் தண்டனைக்கும் இடையே ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள். சபையில் பொறுப்பில் இருந்தவர்களுக்கு விவரம் தெரியவந்தது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. அவரைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். காவல்துறையிடம் அனுப்பவில்லை. நோய் என்று நினைத்தால் மருத்துவர் போதும், குற்றம் என்று நினைத்தால்தானே காவலர் தேவைப்படுவார்?

பாதிக்கப்பட்டவர்களின் அடையாளத்தைக் காக்க, குற்றவாளியின் பெயரையும் பள்ளியின் பெயரையும் வெளியிட நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் தடை ஓரளவு தளர்ந்து, அவர் கேப்ரியல் சபையைச் சேர்ந்தவர் என்ற விவரம் மட்டும் வெளியே வந்தது. இந்தத் தடையைப் பற்றி நானும் என் வகுப்புத் தோழர்களும் வெகு நேரம் வாதிட்டிருக்கிறோம். பாதிக்கப்பட்டவரின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் பள்ளியின் பெயர் தெரியாதபோது, அதே பள்ளியில் அதே காலத்தில் படித்த மூன்றாவது பையன், நான்காவது பையன், அப்படி யாராவது இருந்தால், தான் மட்டும் இல்லை என்று எப்படி அறிந்துகொள்வான்? பொதுவெளியில் பெயரை அறிவிக்க முடியாவிட்டாலும், அந்த ஆண்டுகளில் அங்கே படித்த ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் போகலாம். ‘இப்படி ஒன்று நடந்திருக்கிறது. உங்களுக்கும் ஏதாவது நேர்ந்திருந்தால் இந்த எண்ணில் இந்த அதிகாரியிடம் பேசலாம்.’ நிதி திரட்டும் விருந்துக்குப் பழைய மாணவர்களின் முகவரிகளைத் தேடிப்பிடிக்கும் பள்ளிகளுக்கு இது முடியாத காரியமா?

பையன்களுக்கும் இது நேரும் என்பதை நம் வீடுகளில் ஏற்றுக்கொள்வது இன்னும் கடினம். பெண் பிள்ளைகளுக்காவது "பார்த்துப் போம்மா" என்று சொல்ல ஆள் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது என்பதுதான் நினைப்பு. என் நண்பன் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவன் சொன்ன காரணங்களில் ஒன்று, கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள் என்பது. அந்தக் கூட இருந்தவர்களில் நானும் ஒருவன்.

‘ஏன் இவ்வளவு காலம் கழித்து?’ என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்த பதில் ஒன்று உண்டு. சிறார் பாலியல் கொடுமைக்கு நிறுவனங்கள் எப்படி நடந்துகொண்டன என்பதை ஆராய அங்கே அமைக்கப்பட்ட அரச ஆணையம் 2013 முதல் 2017 வரை விசாரணை நடத்தியது. தனி அறையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். அவர்கள் முதன்முதலில் ஒருவரிடம் வாய்திறக்கச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆண்களுக்கு அதைவிட அதிகம். ஏறத்தாழ கால் நூற்றாண்டு! அந்தக் கணக்கில் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எழுதிவிட்ட என் நண்பன் சீக்கிரமே பேசியவன். சிறுவனுக்கு நடந்ததற்குப் பெயரே தெரியாது. பெயர் தெரியவரும்போது பரீட்சை. பிறகு தேசிய சேவை, வேலை, கல்யாணம். தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில்தான் பலருக்கு நெஞ்சு அடைக்கிறதாம்.

அந்த ஆணையத்தின் பரிந்துரைகள் 409. எல்லாவற்றையும் நான் படித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளப் போவதில்லை. அவற்றிலிருந்து பிறந்த நிவாரணத் திட்டம் 2018 ஜூலையில் தொடங்கியது. 150,000 ஆஸ்திரேலிய டாலர் வரை இழப்பீடு, மனநல ஆலோசனை, இவற்றோடு மூன்றாவதாக ஒன்று: பாதிக்கப்பட்டவர் விரும்பினால், அந்த நிறுவனத்தின் மூத்த பொறுப்பாளர் ஒருவர் நேரில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டு, மன்னிப்புக் கேட்கவேண்டும். பணத்தைவிட இந்த மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது. அயர்லாந்தில் 2024 செப்டம்பரில் வெளியான அறிக்கை, துறவற சபைகள் நடத்திய 308 பள்ளிகளில் 884 பேர் மீது 2,395 குற்றச்சாட்டுகள் இருப்பதாகச் சொன்னது. இவையெல்லாம் எங்கோ தூரத்து நாடுகளின் கதை, நமக்கில்லை என்று நினைக்கலாம். எண்கள் அங்கே தெரிவதற்குக் காரணம், அங்கே யாரோ எண்ணினார்கள்.

நமக்கென்று சில தனிச் சிக்கல்களும் இருக்கின்றன. முதலாவது, நம் பள்ளிகளின் மறதி. அரசாங்கப் பள்ளிகளில் முதல்வர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறார்கள். ஆசிரியர்களும் இடம் மாறுகிறார்கள். இதில் நன்மைகள் உண்டு. ஆனால் பழைய விவகாரத்தோடு ஒருவர் வந்தால், ‘அப்போது நான் இங்கே இல்லை’ என்று எல்லாராலும் உண்மையாகவே சொல்ல முடிகிறது. பள்ளியே இல்லாமலும் போகலாம். 2017இல் கல்வி அமைச்சு, 14 தொடக்கப் பள்ளிகளும் 6 உயர்நிலைப் பள்ளிகளும் 8 தொடக்கக் கல்லூரிகளும் இணைக்கப்படும் என்று அறிவித்தது. பிள்ளைகள் குறைகிறார்கள், பள்ளிகள் இணைகின்றன; வேறு வழியில்லை. இணையும் பள்ளிகளின் வெற்றிக் கிண்ணங்களுக்கும் பழைய படங்களுக்கும் மரபு அறை கட்டுகிறோம். பழைய புகார்களுக்கு யார் வாரிசு?

இரண்டாவது, சமூகத்தின் அளவு. சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு. அதில் தமிழர்கள் பாதியை ஒட்டி. தமிழ் வகுப்பில் சொல்லித் தருபவர், சொற்போட்டிக்கு நடுவராக வருபவர், கோயில் திருவிழாவில் நம் அப்பாவோடு நின்று பேசுபவர், சில நேரங்களில் மூவரும் ஒரே ஆள். சீனப் பிள்ளைக்கு வகுப்பறையோடு முடிந்துவிடும் உறவு, நமக்கு சிராங்கூன் சாலை வரைக்கும் நீள்கிறது. அது ஓர் அழகு என்றே நான் வளர்ந்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதே நெருக்கம், வாய் திறக்கவேண்டிய பிள்ளையின் வாயை அடைத்துவிடவும் முடியும். மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம். அந்த வரிசையில் பிள்ளைக்கு இடமே இல்லை.

குரு என்றதும் கலாஷேத்ராவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இங்கே பரதநாட்டியம் கற்கும் பலருக்கு அந்தச் சென்னை நிறுவனத்தோடு ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும். 2023 மார்ச் இறுதியில் அங்குள்ள மாணவிகள் வகுப்பைப் புறக்கணித்துப் போராடினார்கள். ஏப்ரலில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். மறு ஆண்டு, பல ஆண்டுகளுக்கு முன்பு அங்கே படித்து இப்போது வெளிநாட்டில் வாழும் முன்னாள் மாணவிகளின் புகாரில், முன்னாள் ஆசிரியர் ஒருவரும் கைதானார். ஒரு தலைமுறை பேசியதைக் கேட்டு முந்தைய தலைமுறைக்குத் தைரியம் வந்தது. சாதாரணமாக நாம் எதிர்பார்க்கும் வரிசை இதற்கு நேர்மாறானது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கிறது. என் மாமா ஓர் ஆசிரியர். முப்பது ஆண்டுப் பணி. நான் இதை எழுதப் போகிறேன் என்றதும் அவர் கேட்டார்: "இருபது வருஷம் கழிச்சு யாராவது என்னைப் பத்திப் பொய் சொன்னா, நான் எதை வெச்சு மறுக்கிறது? அந்த வகுப்பறையே இப்ப இல்லையே." சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. பயந்து கேட்டார். ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாகப் பார்ப்பவர்கள்; மாமாவும் அப்படித்தான். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துபோயிருந்தால் இன்னும் சிக்கல். அவரால் தன் பக்கத்தைச் சொல்லவே முடியாது.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில், பள்ளி தன்னைத் தானே விசாரிக்கக்கூடாது என்பதுதான். நல்ல பெயரைக் காக்க நினைக்கும் பள்ளி, புகாரை அமுக்கப் பார்க்கும். இணையத்தில் கூச்சல் எழுந்தால், அதே பெயரைக் காக்க, விசாரிக்காமலேயே ஆசிரியரைக் கைகழுவிவிடும். முதலாவதில் மாணவர் பலி, இரண்டாவதில் ஒருவேளை என் மாமா பலி. குற்றமாக இருக்கக்கூடியது காவல்துறைக்குப் போகட்டும். பள்ளி எங்கே தவறியது என்பதை வெளியிலிருந்து வரும் ஒருவர் பார்க்கட்டும். அது புகார் கொடுத்தவருக்கும் நல்லது, புகாருக்கு ஆளானவருக்கும் நல்லது. மறைந்தவரைத் தண்டிக்க முடியாது, சரி. ஆனால் சொன்ன மாணவரை அன்று யார் திருப்பி அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்பதை அப்போதும் விசாரிக்கலாம்.

வெளிப்படையாகப் பேசினால் கெட்ட பெயர் வந்துவிடும் என்ற பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 அக்டோபரில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், தெம்புசு கல்லூரியின் விரிவுரையாளர் ஒருவரை, மாணவர்கள் இருவரின் புகாரை விசாரித்துப் பணிநீக்கம் செய்தது. ஆனால் அவரிடம் படித்த மாணவர்கள் பலருக்கு விவரம் பிறகுதான் தெரிந்தது. காவல்துறையில் புகார் செய்ததும் பணிநீக்கத்துக்குப் பிறகே. நடவடிக்கை எடுத்தும் பல்கலைக்கழகம் திட்டு வாங்கியது, சொல்லாமல் இருந்ததற்காக. அதன் பிறகு, இத்தகைய புகார்களையும் எடுத்த நடவடிக்கைகளையும் பற்றிக் குறித்த காலத்துக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடத் தொடங்கினார்கள். அதனால் அங்கே மாணவர் சேர்க்கை குறைந்துவிட்டதா என்ன? என்னைக் கேட்டால், அறிக்கை வெளியிடும் இடத்தில்தான் என் தங்கையை நம்பிக்கையோடு சேர்ப்பேன்.

பள்ளிகளிடம் நான் எதிர்பார்ப்பது பெரிய விஷயம் இல்லை. பள்ளியின் இணையப்பக்கத்தில் ‘முன்னாள் மாணவர்’ என்ற பகுதியில், நன்கொடைக்கான பொத்தானுக்குக் கீழே, ‘நீங்கள் படித்த காலத்தில் உங்களுக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்திருந்தால்’ என்று ஒரு வரியும், பெயருள்ள ஒரு மனிதரின் தொடர்பு எண்ணும் இருக்கட்டும். அந்த மனிதர் பள்ளியில் இல்லாமல் அமைச்சில் இருந்தால் இன்னும் நல்லது. பள்ளி இணைந்தாலும் மூடினாலும் அவர் இருப்பார். கடிதம் வந்தால், ‘உங்கள் கடிதத்தைப் படித்தோம். எழுதியதற்கு நன்றி. அடுத்து இன்னது செய்வோம், இந்தத் தேதிக்குள் உங்களிடம் பேசுவோம்’ என்று பதில் போகட்டும். குற்றச்சாட்டு உண்மை என்று ஒப்புக்கொள்ளாமலேயே இவ்வளவையும் எழுதலாம். வழக்கறிஞர்கள்கூட இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதைப் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு, நான் செய்த தவற்றை முன்வைத்து ஒன்று சொல்லலாமா? உங்கள் நண்பர் ஒருநாள் இப்படி ஏதாவது சொன்னால், ‘ஏன் அப்பவே சொல்லல’ என்று கேட்காதீர்கள். நீங்களே துப்பறியவும் வேண்டாம். அந்த ஆசிரியரின் படத்தை டிக்டாக்கில் போட்டு நியாயம் கேட்கவும் வேண்டாம். நண்பரின் கதை நண்பருடையது, அதை எங்கே சொல்வது என்று அவர் முடிவு செய்யவேண்டும். "சொன்னது நல்லது, நான் இருக்கேன்" என்றால் போதும். ஆனால் உங்கள் நண்பர் இன்னும் அந்தப் பள்ளியில் படிக்கிறார், அந்த ஆசிரியர் இன்னும் அங்கே இருக்கிறார் என்றால், நம்பகமான பெரியவர் ஒருவரிடம் அன்றைக்கே போகவேண்டும்; அங்கே ரகசியம் காப்பது நட்பு ஆகாது. வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கான தேசிய உதவி எண் 1800-777-0000, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிங்கிள் ஃபிரெண்ட், 1800-2744-788. உங்கள் தம்பி தங்கையிடம் சொல்லிவையுங்கள்.

என் நண்பனிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவால்லடா, எல்லாரும் அதான் கேக்குறாங்க" என்றான். காவல்துறைக்குப் போவதா என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யும்போது கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது பள்ளிக்கு இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறான். அனுப்புவதற்கு முன்பு எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினான். ஒரு பக்கம்தான். பணம் கேட்கவில்லை. யாரையும் திட்டவில்லை. வராந்தாவில் உள்ள அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசி வரியில் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. எனக்கு முன்போ பின்போ வேறு யாராவது உங்களிடம் வந்து சொன்னார்களா?

பிழை எதுவும் இல்லை என்று பதில் போட்டேன். அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. அவன் காத்திருக்கிறான்.